மூன்று அடைகள், 36 முட்டைகள்: ஒரு வீட்டுக் கோழிகளின் நிகழ்வு ஆய்வு

திண்டுக்கல் மாவட்டத்து மானாவாரிக் கிராமம் ஒன்றில் இருக்கும் எங்கள் வீட்டில், கடந்த ஆண்டு தை மாதம் தொடங்கி ஆனி வரை மூன்று முறை கோழியை அடைக்கு வைத்தோம். மொத்தம் 36 முட்டைகள் வைத்ததில் 18 குஞ்சுகள் பொரிந்தன. அவற்றில் ஒன்று பொரிந்த அன்றே இறந்துபோக, 17 மிஞ்சின. இந்தக் கூட்டுத்தொகையை மட்டும் பார்த்தால் பாதிக்குப் பாதி என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம். ஆனால் முதல் அடையில் 11 முட்டைக்கு 9 குஞ்சு, இரண்டாவதில் 12 முட்டைக்கு 6, மூன்றாவதில் 13 முட்டைக்கு வெறும் 3 என்று கணக்கு இறங்கிக்கொண்டே வந்திருக்கிறது. முதல் அடையும் மூன்றாவது அடையும் ஒரே கோழி, ஒரே கூடை, ஒரே மூலையில் நடந்தவை என்பதுதான் என்னை இதை எழுத வைத்தது. கோழி மாறவில்லை, சேவலும் மாறவில்லை என்றால் மாறியது எது என்பதை, முட்டை ஓட்டில் பென்சிலால் எழுதிவைத்த தேதிகளையும் என் நோட்டுக் குறிப்புகளையும் வைத்துக்கொண்டு பின்னோக்கிப் பார்த்திருக்கிறேன்.

எங்கள் வீட்டில் கோழி வளர்ப்பு என் மாமியாரின் பொறுப்பு. நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாகக் கோழி வைத்திருக்கும் அவர் செய்வதைக் கூட இருந்து பார்த்து எழுதிக்கொண்டதுதான் என் வேலை. அவர் சொன்ன பலவற்றுக்குக் காரணம் தேடியபோது அவை சரி என்று தெரிந்தன. ஒன்றிரண்டு இடங்களில் அவர் சொன்ன காரணத்தை விட்டு நான் விலக நேர்ந்தது.

கோழிகளும் அடைக் குணமும்

அந்தச் சமயத்தில் வீட்டில் ஐந்து பெட்டைகளும் ஒரு சேவலும் இருந்தன. ஆய்வுக்கு உரியவை இரண்டு பெட்டைகள். ஒன்று செவலை நிறச் சிறுவிடை, அதாவது சிறு உடம்பு நாட்டுக்கோழி. ஒன்றேகால் கிலோ எடை, மூன்றாம் வயது, முன்பே இருமுறை குஞ்சு பொரித்த அனுபவம் உண்டு. மற்றொன்று கறுப்புப் பெருவிடை. அசில் என்னும் சண்டைக்கோழி இனத்தின் சாயல் கொண்ட நெடிய கால், கனத்த உடம்பு, மூன்று கிலோவைத் தாண்டியது, அடைக்கு உட்கார்வது அதுவே முதல் முறை.

அடைக்கு உட்காரும் குணம் எல்லாக் கோழிக்கும் இன்று இல்லை. நாமக்கல் பண்ணைகளில் இலட்சக்கணக்கில் நிற்கும் வெள்ளைக் கோழிகள் லெகார்ன் வழியில் வந்தவை. அடைக்கு உட்காரும் நாட்களில் கோழி முட்டையிடாது என்பதால், உட்காராத கோழிகளையே தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்துப் பெருக்கியதில் அவற்றிடம் அந்தக் குணம் ஏறக்குறைய அற்றுப்போய்விட்டது. நாட்டுக்கோழியோ பத்துப் பதினைந்து முட்டை இட்டதும் நிறுத்திக்கொண்டு, கூட்டில் கிடக்கும் முட்டையின் மேலேயே படுத்துவிடுகிறது. முட்டைகள் வயிற்றில் படும் உணர்வு, அவற்றைக் கண்ணால் காண்பது, இருட்டான ஒதுக்கிடம் ஆகியவை சேர்ந்து அதன் உடம்பில் புரோலாக்டின் என்னும் சுரப்பைக் கூட்டுகின்றன. அந்தச் சுரப்பு முட்டையிடுவதை நிறுத்தி, கோழியை அடையில் இருத்துகிறது. அதனால்தான் முட்டையை அன்றன்றைக்கு முழுவதுமாக எடுத்துவிடும் வீட்டில் கோழி தாமதமாக அடைக்கு வருகிறது. ஒன்றிரண்டை விட்டுவைக்கும் வீட்டில் சீக்கிரமே வந்துவிடுகிறது.

செவலை அடைக்கு வந்ததைப் பொங்கல் முடிந்த மறுநாள் கவனித்தோம். கூட்டை விட்டு இறங்க மறுத்தது. கையைக் கொண்டுபோனால் இறகெல்லாம் சிலிர்த்து உடம்பை இரு மடங்காக்கிக் கொண்டு தொண்டைக்குள் உறுமியது. வெளியே வந்தாலும் கொக்கொக்கென்று இடைவிடாமல் கேறிக்கொண்டே நடந்தது. மாமியார் அதைத் தூக்கி வயிற்றுப் பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். நெஞ்சுக்குக் கீழே இறகுகள் உதிர்ந்து, உள்ளங்கை அகலத்துக்குத் தோல் சிவந்து வெறுமையாக இருந்தது. தொட்டுப் பார்த்தேன், காய்ச்சல்காரரின் நெற்றியைத் தொட்டதுபோல் சுட்டது. முட்டை ஓட்டுக்கும் கோழியின் இரத்த ஓட்டத்துக்கும் இடையில் இறகு தடையாக இருக்கக் கூடாது என்பதற்காக உடம்பே செய்துகொள்ளும் ஏற்பாடு அது. "இது ஏற்பட்டாத்தாம்மா உண்மையான அடை. சும்மா கேறிக்கிட்டுத் திரியறதை நம்பி முட்டையை வச்சா நாலு நாள்ல எந்திரிச்சுப் போயிரும்" என்றார்.

முதல் அடை

செவலை அந்தச் சுற்றில் 14 முட்டைகள் இட்டிருந்தது. அவற்றில் கடைசி ஏழு நாட்களுக்குள் இட்டவை ஐந்துதான். மற்ற ஆறு முட்டைகளை அதே வாரத்தில் இட்டுக்கொண்டிருந்த இன்னொரு சிறுவிடைப் பெட்டையிடமிருந்து எடுத்தோம். ஆக 11 முட்டைகளில் ஒன்றுகூட ஏழு நாளுக்கு முந்தையது அல்ல. மிகச் சிறியது, நீண்டு கூம்பியது, ஓடு சொரசொரத்தது ஆகியவற்றை ஒதுக்கினோம். அழுக்குப் பட்டவற்றைக் கழுவவில்லை. கழுவினால் ஓட்டின் மேல் இயற்கையாக இருக்கும் மெல்லிய பூச்சு போய், நுண்துளைகள் வழியாகக் கிருமி உள்ளே இறங்கும். அழுக்கானதை அடைக்கே வைக்காமல் சமையலுக்கு அனுப்பிவிடுவது வீட்டு வழக்கம்.

பழைய மூங்கில் கூடை ஒன்றின் அடியில் மூன்று விரல் உயரத்துக்கு ஆற்று மணல் பரப்பி, நடுவில் சற்றே குழித்து, அதன் மேல் வைக்கோலும் நொச்சி இலையும் போட்டோம். குழிவாக இருந்தால் முட்டைகள் ஓரத்துக்கு உருளாமல் நடுவிலேயே கூடி நிற்கும்; நொச்சி வாடைக்குக் கோழிப்பேன் அண்டாது என்பது அனுபவத்தில் கண்டது. முட்டைகளுக்கு நடுவே ஓர் இரும்பு ஆணியையும் கரித்துண்டையும் காய்ந்த மிளகாயையும் மாமியார் வைத்தார். இடி இடித்தால் முட்டை கெட்டுவிடாமல் இருக்க வைப்பது அது. அதைப் பற்றி மூன்றாவது அடையில் எழுதுகிறேன்.

கோழியை இருட்டிய பிறகுதான் கூடையில் வைத்தார். பகலில் இடம் மாற்றினால் பழைய இடத்தைத் தேடி ஓடும். இரவில் வைத்தால் விடியும்போது முட்டைச் சூடு அதற்குப் பழகிப்போயிருக்கும். முட்டைகள் அனைத்தையும் ஒரே நேரத்தில் வைத்ததும் முக்கியமானது. கோழி இட்டு முடித்த முட்டைக்குள் கரு ஏற்கெனவே வளரத் தொடங்கி, குளிர்ந்ததும் உறங்கிக் கிடக்கிறது. அடைச் சூடு பட்ட நொடியிலிருந்துதான் அதன் 21 நாள் கணக்கு மறுபடி ஓடுகிறது. எல்லா முட்டைக்கும் கணக்கு ஒன்றாகத் தொடங்கினால்தான் எல்லாம் ஒன்றாக முடியும்.

முட்டைகளின் ஒரு பக்கத்தில் பென்சிலால் பெருக்கல் குறி போட்டிருந்தேன். கோழி இறங்கிப் போகும் நேரத்தில் போய்ப் பார்த்தால், குறிகள் ஒவ்வொரு நாளும் வேறு வேறு திசையில் கிடந்தன. நேற்று ஓரத்தில் இருந்த முட்டை இன்று நடுவில் இருந்தது. அலகாலும் காலாலும் கோழி முட்டைகளைப் புரட்டிக்கொண்டும் இடம் மாற்றிக்கொண்டும் இருக்கிறது. புரட்டாமல் விட்டால் கரு ஓட்டின் உட்சவ்வோடு ஒட்டிக்கொள்ளும். ஓரத்து முட்டை சூடு போதாமல் நின்றுவிடும். பொரிப்பான் இயந்திரத்தில் வெப்பத்தை 37.5 டிகிரிக்கு நிறுத்துவதும், குறித்த இடைவெளியில் முட்டையைத் திருப்புவதும் இந்தக் கோழி செய்வதைப் பார்த்துக் கற்றுக்கொண்டு மனிதர் செய்பவைதாம்.

நாளுக்கு ஒருமுறை, பெரும்பாலும் காலையில், செவலை இறங்கியது. எச்சமிட்டது, தண்ணீர் குடித்தது, கம்பு கொத்தியது, சாம்பல் குழியில் புரண்டது. இருபது நிமிடத்தில் திரும்பி ஏறியது. அந்த இடைவேளையில் முட்டை ஆறிவிடுமோ என்று நான் பதறியது தேவையற்றது. அந்த அளவுக்கு ஆறுவதைக் கரு தாங்கும். கோழி இறங்காமலே இருந்தால்தான் கவலைப்பட வேண்டும். கூடைக்குள்ளேயே எச்சமிட்டு முட்டையை நாசமாக்கிவிடும் என்பதால், இறங்காத நாளில் மாமியார் அதைத் தூக்கிக் கீழே விட்டார்.

ஏழாம் நாள் இரவு கைப்பேசி விளக்கை முட்டையின் அகன்ற முனையில் வைத்துப் பார்த்தோம். பத்து முட்டைகளில், நடுவில் ஒரு கரும்புள்ளியும் அதிலிருந்து எல்லாப் பக்கமும் பரவிய சிவப்பு நரம்புகளுமாகச் சிலந்தி ஒன்று வலைக்குள் உட்கார்ந்திருப்பது போலத் தெரிந்தது. ஒன்று மட்டும் வெளிச்சத்தில் மஞ்சளாக, வெறுமையாக இருந்தது, அதை எடுத்துவிட்டோம். எடுக்காமல் விட்டால் வெப்பத்தில் அழுகிக் கூமுட்டையாகி, வெடித்தால் நல்ல முட்டைகளையும் கெடுக்கும்.

இருபதாம் நாள் மாலை மாமியார் ஒரு முட்டையை எடுத்து என் காதில் வைத்தார். உள்ளிருந்து மெல்லிய கீச்சொலி கேட்டது. குஞ்சு அகன்ற முனையிலுள்ள காற்றறைக்குள் அலகை நுழைத்து முதல் மூச்சு விட்டுவிட்டது என்பதற்கு அது அடையாளம். கூடைக்குள் இருந்த செவலை அதற்குப் பதில் சொல்வதுபோல் தாழ்ந்த குரலில் கேறியது. அந்தக் குரல் அதற்கு முந்தைய 19 நாட்களில் நான் கேட்காத ஒன்று. இரவு ஒன்பது மணிக்கு ஓட்டில் முதல் விரிசல் விழுந்தது. அலகின் நுனியிலுள்ள வெண்மணி போன்ற சிறு பல்லால் உள்ளிருந்து தட்டுகிறது, ஓய்கிறது, மறுபடி தட்டுகிறது. நள்ளிரவு வரை விரிசல் கடுகளவே பெரிதாகியிருந்தது. நான் நகத்தால் ஓட்டைச் சற்று விலக்கிவிடலாமா என்று கேட்டேன். மாமியார் என் கையைப் பிடித்துக்கொண்டார். "வேணாம்மா, கை வைக்காத. ரத்தம் இன்னும் உள்ள இழுக்கல" என்றார்.

அவர் சொன்னது முழு உண்மை. விரிசல் விட்ட பிறகும் ஓட்டின் உட்சவ்வில் இரத்தக் குழாய்கள் உயிரோடு இருக்கின்றன. மிஞ்சிய மஞ்சள் கரு வயிற்றுக்குள் போய்க்கொண்டிருக்கிறது. அந்த வேலை முடியும்வரை குஞ்சு காத்திருக்கிறது. அவசரப்பட்டு உரித்தால் இரத்தம் கசிந்து இறக்கும், அல்லது தொப்புள் மூடாமல் பிறக்கும். காலை ஐந்து மணிக்கு விரிசல் தொப்பியை வெட்டியதுபோல் வட்டமாக ஓடி, ஈரமும் களைப்புமாக முதல் குஞ்சு வெளியே வந்து தாயின் இறகுக்குள் போனது. அன்று மாலைக்குள் 9 குஞ்சுகள். ஒரு முட்டையில் முழு வளர்ச்சியடைந்த குஞ்சு ஓட்டைத் தட்டாமலே இறந்திருந்தது.

இரண்டாவது அடை

மாசியில் கறுப்புப் பெருவிடை அடைக்கு வந்தது. பெரிய உடம்பு, அதிக முட்டைக்கு இடம் கொடுக்கும் என்று எண்ணி 12 முட்டைகள் வைத்தோம். கூடை மட்டும் செவலைக்கு வைத்த அதே அளவுக் கூடை. செவலை அப்போது குஞ்சுகளோடு பஞ்சாரத்தில் (கோழிகளைக் கவிழ்த்து மூடும் கூடை) இருந்ததால், இந்தக் கூடையைக் கோழிகள் வந்துபோகும் திண்ணையோரம் வைத்தோம். இந்த இரண்டு முடிவுகளும் தவறு. இரண்டையும் எடுத்தவள் நான்.

நான்காம் நாளும் ஒன்பதாம் நாளும் ஒவ்வொரு முட்டை உடைந்தது. பெருவிடை ஏறும்போது கூடையின் விளிம்பில் நின்று உள்ளே குதித்தது. அகலமில்லாத கூடையில் கால் வைக்க முட்டையைத் தவிர வேறு இடமில்லை. உடைந்த மஞ்சள் கரு மற்ற முட்டைகளின் மேல் வழிந்து காய்ந்தது. வைக்கோலை மாற்றினோம், முட்டைகளை ஈரத்துணியால் ஒற்றினோம். ஆனால் ஓட்டின் துளைகளை அடைத்துக்கொண்ட மஞ்சள் கருவை முழுவதும் நீக்க முடியவில்லை. பின்னால் உடைத்துப் பார்த்தபோது கெட்டுப்போயிருந்த நான்கில் ஒன்று மட்டுமே கரு பிடிக்காதது. மற்ற மூன்றிலும் குஞ்சு ஏறக்குறைய உருவாகி முடிந்து இறந்திருந்தது. மூன்றின் ஓட்டிலும் அந்த மஞ்சள் கறை இருந்தது.

அதைவிடப் பெரிய இழப்பு வேறொன்று. கோழி இறங்கும் காலை நேரத்தில், முட்டையிட இடம் தேடி வந்த வேறு பெட்டைகள் அதே கூடையில் இட்டுவிட்டுப் போயிருக்கின்றன. ஐந்தாம் நாளிலிருந்து எட்டாம் நாளுக்குள் இப்படி மூன்று முட்டைகள் சேர்ந்துவிட்டன. பென்சில் குறி இல்லாத முட்டைகளைப் பார்த்த உடனே எடுத்திருக்க வேண்டும். அந்த வாரம் ஊரில் ஒரு சடங்கு வீடு; நான் கூடையை எட்டிப் பார்த்தேனே தவிர எண்ணிப் பார்க்கவில்லை. கவனித்தபோது அவற்றுக்குள்ளும் நரம்பு ஓடத் தொடங்கிவிட்டது. எடுத்து எறிய மனம் வரவில்லை.

இருபத்தோராம் நாள் 6 குஞ்சுகள் பொரிந்தன. அவற்றில் ஒன்று ஈரம் காயும் முன்பே தாயின் காலுக்கு அடியில் சிக்கி இறந்தது. கோழி மிதித்துக் குஞ்சு சாகுமா என்று பழமொழி கேட்கிறது. தாயின் அக்கறையைச் சொல்லும் பேச்சாக அது சரிதான். ஒன்றேகால் கிலோச் சிறுவிடைக்கு அது நடைமுறையிலும் பொருந்துகிறது. மூன்று கிலோப் பெருவிடையை இறுக்கமான கூடையில் வைத்தால் பொருந்தாது. அகலமான தரைக்கூட்டில், ஏழெட்டு முட்டையோடு உட்கார வைத்திருந்தால் இதே கோழி நன்றாகவே பொரித்திருக்கும் என்று இப்போதும் நம்புகிறேன். பொரிந்த ஐந்தையும் அது வளர்த்த விதத்தில் எந்தக் குறையும் இல்லை. வாசலுக்கு வந்த பூனையைத் தெருக்கோடி வரை துரத்திய கோழி அது.

பொரிந்த குஞ்சு இரண்டு, மூன்று நாட்கள் உணவில்லாமல் இருக்கும். உள்ளே இழுத்துக்கொண்ட மஞ்சள் கரு அதைத் தாங்குகிறது. தாமதமாகப் பொரியும் முட்டைகளுக்காகத் தாய் காத்திருக்க இயற்கை கொடுத்திருக்கும் தவணை அவ்வளவுதான். இருபத்து மூன்றாம் நாள் காலையில் கறுப்புக் கோழி ஐந்து குஞ்சுகளோடு கூடையை விட்டு இறங்கியது, திரும்ப ஏறவில்லை. பின்னால் சேர்ந்த மூன்று முட்டைகளும் அப்போது பதினைந்து, பதினெட்டு நாட்களைத்தான் கடந்திருந்தன. அன்று இரவு விளக்கை வைத்துப் பார்த்தேன். காற்றறையின் ஓரத்தில் ஏதோ அசைந்தது. மூன்றும் உயிரோடு இருந்தன. சுடுமணல் சட்டியில் உமியைப் பரப்பி, அடுப்புத் திட்டின் ஓரத்தில் வைத்து, துணி போட்டு மூடினோம். தெருவில் வேறு எவர் வீட்டிலாவது அடைக்கோழி இருக்கிறதா என்று மாமியார் இருட்டோடு இருட்டாகப் போய் விசாரித்து வந்தார். எங்கும் இல்லை. விடிந்து பார்த்தபோது அசைவு நின்றிருந்தது. அந்த மூன்றும் கோழியின் குறையாலோ முட்டையின் குறையாலோ போனவை அல்ல. தினமும் ஒரு நிமிடம் ஒதுக்கி எண்ணியிருந்தால் அவை அடைக்கே போயிருக்காது.

மூன்றாவது அடை

செவலை தன் குஞ்சுகளை இரண்டு மாதம் மேய்த்துவிட்டு, பங்குனிக் கடைசியில் கொத்தி விரட்டத் தொடங்கியது. சித்திரையில் மறுபடி முட்டையிட்டு, வைகாசி தொடக்கத்தில், கத்திரி வெயில் உச்சத்தில் இருந்தபோது அடைக்கு வந்தது. அதே கூடை, புதிய மணல், நொச்சி இலை, வீட்டின் பழைய இருட்டு மூலை. இம்முறை 13 முட்டைகள். மற்றக் கோழிகள் வெயிலில் முட்டையைக் குறைத்துவிட்டதால், செவலையின் முட்டைகளையே முதலிலிருந்து சேர்த்து வைத்திருந்தோம். அடுப்படி அலமாரியில் ஒரு கிண்ணத்தில் இருந்த அவற்றில் மிகப் பழையது 18 நாள். மிகப் புதியது முந்தைய நாள் இட்டது. தேதிகள் ஓட்டில் இருந்தன.

ஏழாம் நாள் விளக்குப் பார்த்தபோது 13இல் நான்கு வெறுமையாக இருந்தன. இன்னும் நான்கில் நரம்புகள் இல்லை. அவற்றின் இடத்தில் ஒரு சிவப்பு வளையம் மட்டும் தெரிந்தது. கரு சில நாள் வளர்ந்து இறந்துபோனால், குழாய்களில் இருந்த இரத்தம் விளிம்புக்கு ஒதுங்கி வளையமாக நிற்கும். மிஞ்சிய ஐந்தில் மூன்று பொரிந்தன. இரண்டு முட்டைக்குள்ளேயே இறந்தன.

பத்தாம் நாள் இரவு கோடை மழை பெய்தது. கூரையே அதிரும்படி இடித்தது. 21 நாள் முடிந்து மூன்றே குஞ்சுகள் வந்தபோது, "அன்னைக்கு இடிச்ச இடிதான். ஆணியை வச்சும் நிக்கல" என்றார் மாமியார். நான் நோட்டை எடுத்து வந்து காட்டினேன். எட்டு முட்டைகள் கெட்டிருந்ததை நாங்கள் பார்த்தது ஏழாம் நாள்; இடி விழுந்தது பத்தாம் நாள். பிறகு அந்த எட்டு முட்டைகளில் எழுதியிருந்த தேதிகளைப் படித்தேன். எட்டும் அடை வைப்பதற்கு ஏழு நாட்களுக்கு முந்தையவை. பொரிந்த மூன்றும் கடைசி ஐந்து நாட்களில் இட்டவை. மாமியார் சற்று நேரம் நோட்டையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அப்ப என் மாமியா ஈரமணல் பானையில போட்டு வச்சாங்களே, அதுக்குத்தான் போல" என்றார்.

அந்த ஒரு வாக்கியத்தில் முழு விளக்கமும் இருக்கிறது. முட்டைக்குள் கரு உறங்க வேண்டுமானால் சுமார் 21 டிகிரிக்குக் கீழே வெப்பம் இருக்க வேண்டும். அதற்கு மேலே போனால், அடைச் சூடு அளவுக்கு இல்லாவிட்டாலும், கரு அரைத் தூக்கத்தில் ஒழுங்கற்று வளர்ந்து வலுவிழக்கிறது. தை மாதத்து இரவுகளில் எங்கள் வீட்டு அலமாரி ஓரளவு குளிர்ந்திருந்தது. வைத்திருந்ததும் ஒரு வாரம்தான். கத்திரியில் அதே அடுப்படி, பகலில் 35 டிகிரிக்குக் குறையவே இல்லை. 18 நாள் அந்தச் சூட்டில் கிடந்த முட்டை, கோழியின் வயிற்றுக்கு அடியில் போவதற்கு முன்பே பாதி தோற்றுவிட்டது. ஈரமணல் நிரப்பிய மண்பானையில் தண்ணீர் ஆவியாகிக்கொண்டே இருப்பதால் உள்ளே பல டிகிரி குளிர்ச்சி கிடைக்கிறது. 21 டிகிரி வரை அது இறங்காது என்றாலும், வெறும் அலமாரிக்கும் அதற்கும் உள்ள வித்தியாசம் பெரிது. வீட்டில் பல தலைமுறை புழங்கிய அந்தப் பானை, அலமாரி வந்தபோது கொல்லைக்குப் போய்விட்டது.

கோழி அதிகமாக அடைக்கு வைக்கப்பட்டு முட்டைகள் அதிகமாகக் கெடுவதும், ஊரில் இடி இடிப்பதும் சித்திரை, வைகாசி என்னும் ஒரே பருவத்தில் நிகழ்கின்றன. கண்ணுக்குத் தெரியாத வெப்பத்தை விட்டுவிட்டு, காதைப் பிளந்த இடியின் மேல் பழி விழுந்ததில் வியப்பில்லை. ஆணியும் கரியும் முட்டைக்குக் கெடுதல் செய்வதில்லை. அவற்றை வைத்துவிட்டோம் என்ற நிம்மதியில் பானையை மறந்ததுதான் எங்களுக்குக் கெடுதல் செய்தது. மூன்றாவது அடையில் செவலையிடம் நான் ஒரு குறையும் காணவில்லை. கெட்ட முட்டைகளின் மேலும் அது அதே கவனத்தோடுதான் உட்கார்ந்திருந்தது.

பொரிந்த பிறகு

17 குஞ்சுகளில் எட்டு வாரத்தைத் தாண்டியவை 14. முதல் அடையில் ஒன்றைக் காகம் தூக்கியது. ஒன்று நான்காம் நாள் தண்ணீர்க் கிண்ணத்தில் விழுந்து நனைந்து விறைத்துப்போனது. அன்றே கிண்ணத்தை எடுத்துவிட்டு, ஆழமில்லாத தட்டில் கூழாங்கற்களைப் போட்டு, கற்களுக்கு நடுவே தண்ணீர் நிற்கும்படி செய்தோம். பிறகு அந்த வகையில் இழப்பு இல்லை. இரண்டாவது அடையில் ஒன்று கீரிக்குப் போனது. மூன்றாவது அடையின் மூன்றும் பிழைத்தன.

முதல் பத்து நாட்கள் தாயையும் குஞ்சுகளையும் பஞ்சாரத்துக்குள் வைத்து, நொய்யும் அரைத்த கேழ்வரகும் கொடுத்தோம். புரதத்துக்குக் கரையான். கிழிந்த சாக்கு, காய்ந்த சாணம், மட்டைத் தூள் ஆகியவற்றைப் பழைய பானையில் திணித்து, தண்ணீர் தெளித்து, புற்றுக்கு அருகில் மாலையில் கவிழ்த்து வைத்தால் விடியும்போது பானை நிறையக் கரையான் ஏறியிருக்கும். அதைக் கொட்டியதும் செவலை உடனே தின்னவில்லை. ஒரு கரையானை அலகால் எடுத்து, கீழே போட்டு, விரைந்த குரலில் அழைத்து, குஞ்சு ஓடிவந்து கொத்தும்வரை எடுத்து எடுத்துப் போட்டது. பொரிப்பானில் பிறந்த குஞ்சுக்கு இதையெல்லாம் விளக்குச் சூட்டில் தானே கற்க வேண்டியிருக்கிறது. பருந்தின் நிழல் தரையில் ஓடினால் எந்தப் புதருக்குள் பதுங்குவது என்பதை அதற்குச் சொல்லிக்கொடுக்க ஆளில்லை.

தாய் தர முடியாதது ஒன்று உண்டு: வெள்ளைக் கழிச்சலிலிருந்து முழுப் பாதுகாப்பு. தடுப்பூசி போட்ட தாயின் எதிர்ப்புச் சக்தி மஞ்சள் கரு வழியாகக் குஞ்சுக்கு வந்தாலும் சில வாரங்களில் தேய்ந்துவிடும். ராணிக்கெட் என்று பெயர்பெற்ற அந்த நோய் ஒரு தெருவுக்குள் வந்தால் பஞ்சாரத்தையே துடைத்துவிடும். ஏழாம் நாள் கண்ணில் ஒரு சொட்டு, நான்காம் வாரம் மறு சொட்டு, எட்டாம் வாரம் ஊசி என்று மூன்று தவணை போட்டோம். ஒரு குப்பியில் நூறு கோழிக்கு மருந்து இருக்கிறது. கலக்கிவிட்டால் ஓரிரு மணி நேரத்துக்குள் தீர்க்க வேண்டும். ஏழெட்டுக் குஞ்சுக்காக ஒரு குப்பியை உடைப்பது வீண் என்பதால், தெருவில் குஞ்சு வைத்திருந்த ஆறு வீட்டாரையும் சேர்த்துக்கொண்டு, பனிக்கட்டி போட்ட தூக்குவாளியில் மருந்தை வைத்து, ஒரே மாலையில் வீடு வீடாகப் போட்டு முடித்தோம்.

இப்போது செய்வது

கொல்லையில் கிடந்த மண்பானையைக் கழுவி, பாதிக்கு மணல் நிரப்பி, அடுப்படியில் வைக்காமல் மாட்டுக் கொட்டகையின் வடக்கு மூலையில் வைத்திருக்கிறோம். காலையும் மாலையும் மணலில் தண்ணீர் தெளித்து, அதன் மேல் ஒரு துணி விரித்து, முட்டைகளைக் கூர்முனை கீழே இருக்கும்படி துணியில் வைக்கிறோம். மணலின் ஈரம் நேராக ஓட்டில் படுவதில்லை. மழைக்காலத்திலும் பனிக்காலத்திலும் ஏழு நாள், வெயில் காலத்தில் ஐந்து நாள். அதற்கு மேல் ஆனவை சமையலுக்குப் போகின்றன. கத்திரியில் கோழி அடைக்கு வந்தால் ஐந்தாறு முட்டைக்கு மேல் வைப்பதில்லை. கறுப்புப் பெருவிடைக்குத் தரையில் செங்கல் அடுக்கி, மூன்று அடி அகலத்தில் கூடு கட்டி, சாக்குத் தட்டியால் மற்றக் கோழிகளுக்கு மறைப்பு வைத்தாயிற்று. இரண்டு கோழிகள் ஒரே வாரத்தில் அடைக்கு வந்தால், ஒரே நாளில் இரண்டுக்கும் முட்டை வைக்கிறோம். ஒன்று கைவிட்டாலும் மற்றொன்றின் கீழே மாற்றிவிடலாம். பொரிந்த பிறகு இரவில் குஞ்சுகளை ஒரே தாயிடம் சேர்த்துவிட்டால், மற்றது சீக்கிரம் முட்டைக்குத் திரும்பிவிடும்.

தினமும் காலையில், கோழி இறங்கிய இருபது நிமிடத்துக்குள், முட்டைகளை எண்ணும் வேலை என்னுடையது. இன்று செவலையின் கூடையில் எண்ணினேன்: 9 முட்டைகள், ஒன்பதிலும் பென்சில் குறி, பதினோராம் நாள்.